ஒரு சாணும் மூன்று விரலும்

ஸ்வீட்லினின் அப்பாவுக்கு,

போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். காகிதத்தில் கேட்டால் மாற்ற முடியாதல்லவா, அதனால்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை, "இந்தக் கிறிஸ்மஸுக்காவது வாரியளா?" என்றுதான் கேட்டேன். அதற்கு நீங்கள் சொன்ன பதில் என்ன? உலகத்திலேயே பெரிய பட்டாம்பூச்சி நீங்கள் இருக்கிற நியூகினியில்தான் இருக்கிறதாம். சிறகை விரித்தால் ஒரு சாணும் மூன்று விரலுமாம். ஆணைவிடப் பெண்தான் பெரிதாம். பள்ளிக்கூடத்தில் நடத்துகிற பாடம் போதாதா, பெண்டாட்டிக்கும் நடத்த வேண்டுமா? பெரிய பட்டாம்பூச்சி நம் களக்காட்டு மலையிலும் இருக்கிறது. அதைவிடச் சின்னதுதான். ஆனால் பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிடலாம்.

உங்கள் மகள் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள். பழைய காலண்டர் அட்டையில் தன் கையால் சாண் வைத்து அளந்து, ஒரு பட்டாம்பூச்சி வெட்டி, புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் சோற்றை மசித்து ஒட்டிவிட்டாள். கத்தினேன். கத்தி முடித்து, "இது சின்னதுட்டி. அப்பா சொன்னது அப்பா கையால ஒரு சாண்" என்றேன்.

"அப்பா கை எம்புட்டுப் பெருசும்மா இருக்கும்?" என்று என் விரல்களை இழுத்து விரித்துப் பார்க்கிறாள்.



கையைத் தாளில் வரைந்து அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சுவரில் வைத்துத்தான் காட்ட வேண்டும். பக்கத்தில் இடம் விட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
அந்தச் சுவரைத் துடைக்காமல் வைத்திருக்கிறவள்