நீங்கள் நாக்கில் வைத்துப் பார்த்த தண்ணீர்

பாய்,

இன்று காலை செங்கம் ரோட்டில் என் வண்டியின் ரேடியேட்டர் ஒழுகி, ஒரு ஒர்க்‌ஷாப்பில் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. உள்ளே யாரோ ஈயம் பற்ற வைத்தார்கள். அந்த நவச்சாரப் புகை மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். "என்னா சார், புகை ஆவலியா?" என்றார் மெக்கானிக். ஆமாம் என்று சொல்லிவிட்டு எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

கேசட் போய் சிடி வந்த நேரம் அது. என் கம்ப்யூட்டர் கடையிலேயே கல்யாண வீடியோ மிக்ஸிங்கும் செய்துகொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்தை முடிக்க மெஷினுக்கு ஒரு முழு நாள் ஆகும். முகூர்த்த மாதத்தில் அது கட்டுப்படியாகாது. அதனால் பிராசஸரை கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டினேன். ஓவர்கிளாக் என்பார்கள். வேகம் வந்தது, கூடவே சூடும் வந்தது. நம்மூர் சித்திரை வெயிலில் ஃபேன் என்ன செய்யும்? சூட்டின் மேல் சூட்டைத்தான் ஊதும். பத்தே நிமிஷத்தில் எழுபத்தைந்து டிகிரி தொட்டு, மெஷின் தானாக அணைந்துவிடும்.

வெளிநாட்டில் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படம் போட்டிருந்தான். பக்கத்தைக் கிழித்துக்கொண்டு உங்கள் லாரி ரேடியேட்டர் ஷெட்டுக்கு வந்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "லாரிக்குப் பண்றதத்தான சின்னதா பண்ணிக்கிறான்" என்றீர்கள். அடுத்த கேள்வி: "இதுக்கு ஆசிட்டு புகை கம்மிதான மொதலாளி?"

அந்தக் கேள்வி ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. நெஞ்சுக்குப் புகை ஆகாது, இந்தத் தொழிலை விடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். விட்டுவிட்டு எங்கே போவது என்றுதான் உங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் உழைத்தீர்கள். தீப்பெட்டி அளவில் ஒரு செம்புப் பெட்டி. அதற்குள் ஹேக்ஸா பிளேடால் அறுத்த மெல்லிய வரிகள், தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போக. பாதியாக வெட்டிய பழைய கார் ரேடியேட்டர், ஏர்கூலர் மோட்டார், கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப், தண்ணீருக்கு ஒரு ஊறுகாய் ஜாடி. முதல் நாளே திரையின் மூலையில் இருந்த எண் நாற்பத்தாறில் வந்து நின்றது. நகரவே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு. பேட்டரித் தண்ணிதான் ஊத்தணும். போர் தண்ணி ஒரு சொட்டு ஆவாது."

"தெரியும் பாய்."

"தெரியும்னு சொல்றவன் வண்டிதான் மொதல்ல என் ஷெட்டுக்கு வருது."

ஜாடியில் தினம் ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியாகிக் குறையும். ஒரு மாதம் ஒழுங்காக, கேனில் வாங்கிய உப்பில்லாத பேட்டரித் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாள் கேன் காலி. வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார். எங்கள் போர் தண்ணீரில் ஒரு டம்ளர் ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவுதான், பழகிவிட்டது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, பாத்திரம் வெள்ளை பூத்துவிடும் என்று தெரியாதவனா நான்? ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது என்று எண் ஏறியது. பார்க்கப் பிடிக்காமல் அந்த எண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன்.

அந்த சமயத்தில்தான் ஸ்டுடியோக்காரர்கள் நான்கு பேரை மெஷின் பார்க்க அழைத்திருந்தேன். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஆளுக்கொன்று நீங்கள் செய்ய வேண்டும். போளூர், வேலூர் வரை ஸ்டுடியோக்கள் இருந்தன. ஷெட்டை விட்டுவிடலாம் என்றே நீங்கள் முடிவு செய்திருந்தீர்கள். "உங்க கடை ஓரத்துல ஒரு சின்ன டேபிள் போதும் மொதலாளி" என்றீர்கள். அன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தீர்கள்.

அரை மணி நேரம்கூட ஓடவில்லை. திரை கறுத்துவிட்டது.

"என்னாங்க இது, தாலி கட்டறதுக்குள்ள கரண்ட் போச்சே!" என்றார் அவர்களில் மூத்தவர். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. ஜாடியில் விரலை விட்டு, லாரித் தண்ணீரைப் பார்ப்பதுபோல நாக்கில் வைத்தீர்கள். வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து என்னைப் பார்த்தீர்கள்.

"என்னா ஆச்சு பாய்?" என்றார் மூத்தவர்.

"மொதலாளியக் கேளுங்க. அவரே சொல்லுவாரு."

உப்பு என்று ஒரு வார்த்தை நீங்களே சொல்லியிருக்கலாம். என் கடையில் வைத்து என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அதை என்னிடம் விட்டீர்கள். நான் என்ன செய்தேன்? தன் மெஷினைத் தானே கெடுத்தவனிடம் எவன் கம்ப்யூட்டர் வாங்குவான்? மெக்கானிக் தப்பு என்றால் கடைக்குப் பழுதில்லை. வியாபாரி மூளை, அதற்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. "ஈயம் உள்ள போய் அடச்சிக்கிச்சு. பாய்க்கு லாரி வேலதான் சரி" என்றேன்.

நீங்கள் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினீர்கள். மறுநாள் ஷெட்டில், அதே புகையில் இருந்தீர்கள்.

செம்புப் பெட்டியைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டேன். முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் சில்லுகள் வந்தன. ஈயம் ஒரு துணுக்கு இல்லை. பேட்டரித் தண்ணீர் ஊற்றியதும் மறுபடி நாற்பத்தாறு. அப்புறம் நான்கு வருஷம் ஓடியது, பாய். கேட்டவர்களிடமெல்லாம் சென்னையிலிருந்து புதிதாக வரவழைத்தது என்றேன். வழியில் பார்த்தால் நீங்களும் கேட்பீர்கள், "மெஷின் ஓடுதா?" என்று. "ஓடுது பாய்." எத்தனை டிகிரி என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

கடைசியில் அந்த நெஞ்சு நோயிலேயே போனீர்கள். என் பேச்சுதான் உங்களைக் கொன்றது என்று எழுதினால் நீங்களே "சினிமா பேசாதீங்க மொதலாளி" என்பீர்கள். இல்லை என்று எழுதவும் கை வரவில்லை. கபர்ஸ்தான் வாசலில் அந்த மூத்தவர் என் பக்கத்தில் நின்றார். "தங்கமான மனுஷன். அந்தக் கம்ப்யூட்டர் வேலதான் அவருக்கு வரல, இல்ல?" என்றார். உங்கள் மேல் போட்ட மண் என் கையில் இருந்தது. தலையாட்டினேன்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் அவரைத் தேடிப் போனேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: போர் தண்ணீர், உப்பு, பொய். பொறுமையாகக் கேட்டுவிட்டு டீ சொன்னார். பிறகு கேட்டார்:

"லாரி ரேடியேட்டர் பாயா? அவரு கம்ப்யூட்டர் வேலகூட பண்ணாரா?"

நீங்கள் பண்ணினீர்கள் என்று தெரிந்த ஆள் இந்த ஊரில் இப்போது நான் ஒருவன்தான், பாய்.