மதியமும் நகர்ந்த நாடா

அன்பு மகள் பிந்தருக்கு, அப்பா எழுதுவது. வாஹேகுருவின் கருணையால் இங்கே நானும் அம்மாவும் இரண்டு எருமைகளும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், வேறு நினைப்பில்லை. எட்மண்டனில் இன்னும் பனி கொட்டுகிறதாமே, படியில் கைப்பிடியை விடாதே. இங்கே கோதுமை பழுத்துவிட்டது, அறுப்புக்கு ஆள்தான் கிடைக்கவில்லை.

போன தடவை பிள்ளை தங்காமல் போனபோது நீ போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் நீ மறுபடி உண்டானதும், மாடி அறையில் இருக்கும் குரு கிரந்த சாகிபை முதலிலிருந்து கடைசி வரை நானே வாசித்து முடிப்பதாக வேண்டிக்கொண்டேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. பாதியில் விட்டால் சொல்லிக் காட்டியே கொன்றுவிடுவாள், என் கம்ப்யூட்டர் வகுப்பு உனக்கு நினைவிருக்கும். விடியலில் பால் கறந்து, குளித்து, தலைப்பாகை கட்டிக்கொண்டு மேலே போவேன், அவள் வழக்கமான பிரார்த்தனை என்று நினைத்துக்கொள்வாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற நான் போன வேகம் எனக்கே பிரமிப்பு. அடையாள நாடாவை ஓரிடத்தில் வைப்பேன், மறுநாள் அது பல பக்கம் தள்ளிக் கிடக்கும். இவ்வளவா வாசித்தோம் என்று தோன்றும், வயசாகிவிட்டது, மறந்திருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு என் வாசிப்பு குதிரைப் பாய்ச்சல் என்று குருத்வாராவில் கிரந்தம் வாசிக்கும் மெஹர் சிங்கிடம் பீற்றிக்கொண்டது வேறு.

முந்தாநாள் கடைசிப் பக்கங்கள் வந்துவிட்டன. நிறைவு நாள் அல்வாவுக்கு நெய் உருக்கச் சொல்லலாம் என்று அடுப்படிக்குப் போனால் அம்மா ஏற்கெனவே உருக்கிக்கொண்டிருக்கிறாள். எதற்கு என்றேன். பிந்தருக்காக நான் கிரந்தம் வாசிச்சு முடிக்கப்போறேன், உங்ககிட்ட சொன்னா ஊருக்கே தமுக்கடிப்பீங்கன்னு சொல்லல என்றாள். நான் சீட்டாடப் போன மதியமெல்லாம் அவள் மேலே இருந்திருக்கிறாள். நாடா நகர்ந்தது உனக்குமா தெரியவில்லை என்று கேட்டேன். குருவே கை கொடுக்குறாருன்னு நெனச்சேன், நீங்கன்னு கனவுலயும் நெனக்கல என்றாள்.

சிரிப்பு வந்தது, கூடவே பயமும். இரண்டு பேருமே முழுசாக வாசிக்கவில்லை, வேண்டுதல் பொய்த்து உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு மெஹர் சிங்கிடம் ஓடினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உங்க வீட்ல ஒரு பக்கம் விடாம வாசிச்சாச்சு, ஒரு வாயா ரெண்டு வாயான்னு குரு கணக்கா பாக்குறாரு, போய் அல்வா கிண்டுங்கய்யா என்றார்.

கிண்டினோம். ஆனால் தான் வாசிக்காத பக்கங்களையும் வாசிக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம். எனக்கும் ஆசைதான். நேற்றிலிருந்து மறுபடி முதல் பக்கம், இந்த முறை சேர்ந்தே. நான் தப்பாக வாசித்தால் அவள் இருமுகிறாள், நேற்று முழுக்க இருமல்தான். இந்த லட்சணத்தில் பிள்ளை பிறப்பதற்குள் முடியாது. ஆனால் பயம் போய்விட்டது, மகளே.

அம்மா நெய்யில் வறுத்து அனுப்பிய பஞ்சிரி மாவைத் தவறாமல் சாப்பிடு. பிள்ளை பிறந்ததும் முதல் போன் எங்களுக்கு. அன்று நாடா கிடக்கும் பக்கத்தின் முதல் எழுத்தில் பெயர் வைப்போம். அது எந்தப் பக்கம் என்று இந்த முறை எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கும். குரு உன்னையும் பிள்ளையையும் கையில் வைத்துக் காக்கட்டும்.

பாதிக் கிரந்தம் வாசித்த உன் அப்பா,
அஜாயிப் சிங்