நான்கு கோயில்களிலும் அதே முப்பத்தாறு பேர்

அனுப்புநர்:
பங்குப் பேரவைச் செயலாளர் (தொழில்: தையல்),
பாலத்துக் கோயிலுக்கு எதிர்வீடு.

பெறுநர்:
முதன்மைக் குரு அவர்கள்,
ஆயர் இல்லம்.

பொருள்: எங்கள் நான்கு கோயில்களையும் மூடுவதில்லை என்ற முடிவுக்கு நன்றி கூறுதல் – தலை எண்ணிய நாளில் நடந்த மோசடிக்கு நானே பொறுப்பு என ஒப்புக்கொள்ளுதல் – எங்கள் பங்குத்தந்தையின் மாற்றல் ஆணையை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பங்குத்தந்தையிடம் விளக்கம் கேட்டுத் தங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதம்.
2. அதற்கு அவர் எழுதிய ஒருவரிப் பதில்.
3. அவரை மாதக் கடைசிக்குள் வேறிடம் போகச் சொல்லும் ஆணை.

பெருமதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்கு,

பணிவான வணக்கம். இதற்கு முன் ஏழு மனுக்கள் தங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். கூரை ஒழுகுகிறது, மணிக்கயிறு அறுந்துவிட்டது, பெஞ்சில் கரையான் என்று ஏழும் புகார்தான். இது எட்டாவது. இதுவும் புகார் மனுவே. இம்முறை புகார் என் மேல். தாங்கள் ஆளைத் தேடி அலைய வேண்டாம் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. எங்கள் பங்கில் ஆற்றங்கரைக் கோயில், மேட்டுக் கோயில், பாலத்துக் கோயில், தகரக் கோயில் என்று நான்கு கோயில்கள் உள்ளன. கடைசிக் கோயிலுக்குத் தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போட்டு இருபது வருடமாகிறது. பெயர் மட்டும் மாறவில்லை. நான்குக்கும் ஒரே பங்குத்தந்தை, ஒரே மோட்டார் சைக்கிள். சனி மாலை ஒரு பூசை, ஞாயிறு மூன்று பூசை. பங்குப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்கள் முறையே பன்னிரண்டு, ஒன்பது, பதினொன்று, எட்டு. ஆக மொத்தம் நாற்பது. அதில் நான்கு பேருக்கு முழங்கால் சரியில்லை. வீட்டு வாசலுக்கு மேல் வரமாட்டார்கள்.

2. முப்பது பேருக்குக் குறைவாக வரும் கோயில் பூட்டப்படும், அங்குள்ளவர்கள் நகரத்துக் கோயிலுக்குப் போகவேண்டும் என்று தங்கள் சுற்றறிக்கை வந்தது. நகரத்துக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸே ஒன்பதரைக்குத்தான் வரும். எழுபது வயதுக்காரர்கள் பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் அங்கே பூசை முடிந்து கதவும் சாத்தியிருக்கும். சுற்றறிக்கையை எழுதியவர் ஒருநாளாவது அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டார் என்று அப்போது சொன்னேன். இப்போதும் அதைத் திரும்பப் பெறவில்லை.

3. தலை எண்ணுவதற்கு ஒரு அம்மையார் வருகிறார், ஒரே சனி ஞாயிறில் நான்கு கோயிலையும் பார்ப்பார் என்று தெரியவந்தது. அன்றுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. ஒவ்வொரு கோயிலிலும் முப்பது பேர் இல்லை. ஆனால் எல்லோரையும் சேர்த்தால் முப்பத்தாறு பேர் இருக்கிறோம் அல்லவா? ஒரு வேனையும் பால் வண்டியையும் ஏற்பாடு செய்தேன். அம்மையாரின் கார் சுற்றுப்பாதையில் வரும். நாங்கள் வாய்க்கால் கரை வழியாகக் குறுக்கே புகுந்து முன்னால் போய் உட்கார்ந்துவிடுவோம். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகக் கோயிலுக்கு ஒரு மூட்டை வீதம் மாற்றுத்துணி கட்டினேன். சட்டை, சால்வை, தலைத்துணி எல்லாம் அளவு பார்த்துப் பிரித்து, எந்த மூட்டை எந்தக் கோயிலுக்கு என்று தெரிய நிறம் நிறமாக நூலும் கட்டினேன். இருபத்தெட்டு வருடத் தையல் அனுபவத்தை இதற்குப் பயன்படுத்தினேன் என்பதை வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

4. இது எதுவும் பங்குத்தந்தைக்குத் தெரியாது. தெரிந்தால் ஒத்துக்கொள்ளமாட்டார் என்பதால் எல்லோர் வாயையும் கட்டிவைத்திருந்தேன். சனி மாலை ஆற்றங்கரையில் முப்பத்தாறு முகங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துபோனது. ஞாயிறு காலை மேட்டுக் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கியவர், அதே முகங்களை வேறு சட்டையில் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். எழுதிவைத்திருந்த தாளை மடித்து அங்கிக்குள் வைத்துவிட்டு, பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது கோயிலில் அவர் பிரசங்கமே வைக்கவில்லை.

5. எங்களைக் காட்டிக்கொடுத்தது என் அண்ணன். அவர் வெல்டர். பட்டறைச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. கோயில் பாட்டில் எப்போதும் எல்லோருக்கும் அரை வரி முன்னால் போவார், அதுவும் கூரை அதிர. ஆற்றங்கரையில் பாடிவிட்டார். மேட்டுக் கோயிலில் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி உட்காரவைத்தேன், சொன்னபடி இருந்தார். பாலத்துக் கோயிலில் அவருக்குப் பிடித்த பாட்டு வந்துவிட்டது. அவ்வளவுதான். சட்டையை மாற்றலாம், தொண்டையை மாற்ற முடியுமா? கடைசி பெஞ்சில் எண்ணும் கருவியை அழுத்திக்கொண்டிருந்த அம்மையார், கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

6. பூசை முடிந்ததும் அம்மையார் நேரே எங்கள் வேனுக்கு வந்தார். “அடுத்த கோயிலுக்கு உங்களோடவே வரேன். ஒரு இடம் இருக்குமா?” என்றார். இடம் இருந்தது அண்ணன் பக்கத்தில் மட்டும்தான். அண்ணனுக்கு வந்திருப்பவர் யாரென்று தெரியவில்லை. நான் கண்ணைக் காட்டியும் அவருக்குப் புரியவில்லை. “புதுசா? நீங்க எந்தக் கோயில் கணக்கு?” என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். அம்மையார் சற்றும் அசராமல், “நாலு கோயில் கணக்கும் நான்தான்” என்றார். “அப்போ மூட்டை எங்கம்மா? சட்டை மாத்த வேணாமா?” என்றார் அண்ணன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்கள் நாங்கள். அதையும் அண்ணன் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். தகரக் கோயிலுக்கு எல்லோரும் பாலத்துக் கோயில் சட்டையிலேயே போய் இறங்கினோம். பால்காரர் வண்டியிலேயே தூங்கிவிட்டதால் அங்கே மட்டும் முப்பத்தைந்து. மற்ற மூன்று கோயில்களிலும் சொல்லிவைத்தாற்போல் முப்பத்தாறு. இரண்டு பேரை விட்டுவிட்டுப் போய் எண்ணிக்கையைக் கொஞ்சம் முன்னே பின்னே காட்டலாம் என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

7. அடுத்த சனிக்கிழமை வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பங்குத்தந்தையிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மூட்டை, நூல், வேன், பால் வண்டி, வாய்க்கால் கரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் உட்கார்ந்திருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. அது இருமலா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அபராதமாகச் செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். பாரம் இறங்கியது என்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

8. இரண்டு வாரம் கழித்துத் தங்கள் கடிதம் வந்தது: இந்த ஏமாற்றை ஏற்பாடு செய்தது யார், பங்குத்தந்தைக்கு இதில் என்ன பங்கு என்று. பேரவைக்கும் ஒரு நகல் வந்ததால் நானே உறையைப் பிரித்துப் படித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிரே போனாலும் வெளியே சொல்லக்கூடாது என்பதைத் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் வாயைத் திறக்காமலிருந்திருந்தால் அவர் சந்தேகத்தையாவது எழுதியிருப்பார். இந்த ஊரில் இப்படியெல்லாம் செய்யக்கூடியவள் யார் என்று யோசிக்க அவருக்கு அரை நிமிடம் போதும். நான் போய் எல்லாவற்றையும் சொல்லி, அவர் வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். “இது பற்றி நான் சொல்வதற்கு எதுவும் இல்லை” என்று ஒரே வரி எழுதி அனுப்பினார். “நான் செய்யவில்லை” என்றாவது அவர் எழுதியிருக்கலாமே என்று பேரவையில் கேட்டார்கள். அப்படி எழுதினால் வேறு யார் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். அதனால் அதையும் எழுதவில்லை. அந்த ஒரு வரியைத் தாங்கள் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டீர்கள். தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பேன்.

9. அப்போதே எழுதாமல் ஏன் இருந்தாய் என்று தாங்கள் கேட்கலாம். சொன்னதை வெளியே விடக்கூடாது என்ற விதி சொன்னவருக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாவத்தின் மேல் பாவம் சேருமோ என்று பயந்து நாட்களைத் தள்ளினேன். கடந்த ஞாயிறு ஒரே உறையில் இரண்டு கடிதம் வந்தது. பங்குத்தந்தையே எழுந்து நின்று வாசித்தார். முதல் கடிதம், ஒரு கோயிலையும் மூடுவதில்லை என்றது. நான்கும் ஒரே கூட்டுப் பங்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முறைவைத்து ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு கோயிலில். எல்லோரும் அங்கே வரவேண்டும். எண்ண வந்த அம்மையாரின் அறிக்கையிலிருந்து ஒரு வரியும் அதில் இருந்தது: “எண்ணிக்கைக்காக இவர்கள் ஒருநாள் திருட்டுத்தனமாகச் செய்ததை, வாரந்தோறும் நேர்மையாகச் செய்யச் சொன்னால் போதும்.” கைதட்டிவிட்டோம் தந்தையே, கோயிலுக்குள்ளேயே. அண்ணனும் தட்டினார், எதற்கென்று தெரியாமலே. அடுத்து மாற்றல் ஆணையை வாசித்தார். தொலைந்துபோன குடை யாருடையது என்று அறிவிக்கிற அதே குரலில் வாசித்தார். அவ்வளவு பேர் கையும் அப்படியே நின்றுவிட்டது.

10. திங்கட்கிழமை தன்னுடைய இரண்டு அங்கிகளையும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். ஓரம் பிரிந்திருந்தது. “அவசரமில்லம்மா, மாசக் கடைசிக்குள்ள கிடைச்சாப் போதும்” என்றார். அவர் போன பிறகு மெஷின் மேல் தலையைச் சாய்த்து அழுதேன். ஐம்பத்தாறு வயதில் இப்படி அழுதது இதுவே முதல் தடவை. நேற்று நகரத்துக்குப் போய், மடத்தில் உள்ள ஒரு சிஸ்டரிடம், யாரோ ஒருத்தர் விஷயம் என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அந்தக் கட்டுப்பாடு சாமியாருக்குத்தாம்மா. சொன்னவங்க வேணும்னா மைக் போட்டு ஊருக்கே சொல்லலாம்” என்றார். அப்பாடா! அந்த நிமிடம் என் தலையிலிருந்து இறங்கியதை என்னவென்று எழுதுவேன். திரும்பி வரும்போது இரண்டு பஸ் மாறியதுகூட எனக்குத் தெரியவில்லை.

11. எனவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வதாவது:

(அ) மோசடியை யோசித்தவள், ஏற்பாடு செய்தவள், மற்றவர்களை வற்புறுத்தியவள் நானே. பேரவைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கினாலும், வேறு எந்தத் தண்டனை தந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அண்ணனை மட்டும் விசாரணைக்குக் கூப்பிட வேண்டாம். அவருக்குக் கேள்வி கேட்காது. பதில் மட்டும் சொல்லிக்கொண்டே போவார்.

(ஆ) பங்குத்தந்தையின் மாற்றல் ஆணையை ரத்து செய்யவேண்டும். முறைவைத்து நான்கு கோயிலுக்கும் போகும் புது ஏற்பாட்டை ஓட்டிச்செல்ல எங்கள் எல்லோருடைய முழங்காலையும் தெரிந்த ஒருவர் வேண்டும். புதிதாக வருபவர் அதைக் கற்றுக்கொள்வதற்குள் எங்களில் பாதிப் பேர் இருக்கமாட்டோம்.

(இ) பாவசங்கீர்த்தனத்தில் நான் சொன்ன இந்த விஷயத்தைப் பற்றி என்னிடமும், தங்களிடமும், யாரிடமும் பேச அவருக்கு இந்த மனுவின் மூலம் முழு அனுமதி தருகிறேன். அதற்குத் தனியாகப் படிவம் இருந்தால் அனுப்பிவையுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

(ஈ) இந்த மனுவை ஒருமுறை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லவேண்டும். இதுவே என் முக்கியக் கோரிக்கை. இவ்வளவு நாளும் அவர் என்னைத் தெருவில் பார்த்தால், “நல்லா இருக்கீங்களாம்மா” என்றுதான் கேட்கிறார், ஒன்றுமே நடக்காதது போல. என்னால் ஊரைவிட்டே போகும் மனிதர், என் மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் நிற்கிறார். அந்த முகத்தை இனிமேல் என்னால் பார்க்க முடியாது. இதை வாசித்துவிட்டு அவர் மோட்டார் சைக்கிளில் நேரே என் வாசலுக்கு வரட்டும். தெருவே கேட்கும்படி என்னைத் திட்டட்டும். அவர் திட்டி முடிக்கும்வரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

தங்கள் பதிலை வாசலில் எதிர்பார்த்து நிற்கும்,

(ஒப்பம்)
பாலத்துக் கோயில் தையல்காரி

இடம்: பாலத்துக் கோயில் எதிர்வீடு
நாள்: வியாழன், மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு