உருளைக்கிழங்கு நீர்நாய்

இன்று காலை அம்மா பொரியலுக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். "ஏண்டி, கிழங்கு உன்னைக் கடிச்சுச்சா?" என்றாள். கடிக்கத்தான் செய்தது. ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பதே எனக்குப் போன வாரம்தான் தெரியும். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்தி. நம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏரியைப் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்போகிறார்கள். தெலுங்கு பேசும் நம் ராமச்சந்திராபுரத்தில் கம்பெனி பஸ்ஸைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காத ஆட்களெல்லாம் இப்போது பறவை பறவை என்கிறார்கள். அதற்கு ஆதாரமாக அவர்கள் கையில் இருப்பது உன் நோட்டு.

உன் நோட்டைப் பற்றி உனக்கே விளக்குவது கொஞ்சம் ஓவர்தான். இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன். இடது பக்கத்தில் தேதி, இடம், பார்த்தது. வலது பக்கத்தில் இரண்டு கட்டங்கள், ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. இரண்டிலும் டிக் விழுந்தால்தான் அது நம் பட்டியலில் சேரும். முதல் வாரமே நான் மஞ்சள் குருகைப் பார்த்துக் கத்தினேன். நீ குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாய்.

"டிக் போடுடி."

"நக்கோ. நான் பாக்கலையே."

"நான் பாத்தேன்ல? என்னை நம்ப மாட்டியா?"

"உன்னையா?" என்று நிமிர்ந்தாய். "நேத்து என் டிபன் பாக்ஸ்ல ரப்பர் பல்லி வெச்சவளையா?"

நியாயமான கேள்வி. குருகு உன் கட்டத்தில் ஏறவே இல்லை. ஆனால் தெற்குக் கரை நாணலுக்குள் மயில் உள்ளானின் கூட்டைக் கண்டுபிடித்த அன்று இருவரும் ஒரே நேரத்தில் டிக் போட்டோம், பென்சில்கள் முட்டிக்கொண்டன. "பொண்ணு கலர் கலரா ஊர் சுத்துது, பையன் முட்டை மேல உக்காந்திருக்கான். ஹவ், ஆமாண்டி, இதான் குடும்பம்" என்று நீ சிரித்த சிரிப்பில் அந்த அப்பாக்காரன் பறந்தே போயிருப்பான். நல்ல வேளை, பொறுப்பானவன்.

கிழங்கு விஷயம் அதற்கடுத்த கோடையில். நீ நீர்நாய் நீர்நாய் என்று உயிரை எடுத்தாய். சாக்கடை கலக்கும் ஏரியில் எந்த நீர்நாய் வரும்? நான் வரவழைத்தேன். பாதி உருளைக்கிழங்கில், உன் பாஷையில் ஆலுவில், கால்தடம் செதுக்கி, வடகரைச் சேற்றில் வரிசையாகக் குத்தி வைத்தேன். நீ முழங்கால் போட்டு ஒவ்வொரு தடத்தையும் போட்டோ எடுத்தாய். மறுநாள் நோட்டில் நானே "நீர்நாய், ஒன்று, நீந்திப் போனது" என்று எழுதி என் கட்டத்தில் டிக் போட்டேன். உன் கட்டத்தை நீ தொடவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாய். அப்புறம் வாராவாரம் விசாரணை. "உன் நீர்நாய் எப்படிடி இருக்கு? குட்டி போட்டுச்சா?" மாட்டிவிட்டேன் என்று எனக்குள் ஒரே கொண்டாட்டம். உன் பிறந்தநாளுக்கு ஒரு உருளைக்கிழங்கைக் கிஃப்ட் பேப்பரில் சுற்றித் தந்து உண்மையைச் சொல்வதாகத் திட்டம்.

அதற்குள் மழை, காய்ச்சல், டெங்கு, ஐ.சி.யூ. வாங்கி வைத்த கிஃப்ட் பேப்பர் மட்டும் மிஞ்சியது.

இந்த வருஷம் திட்டம் எழுதும் கம்பெனியிலிருந்து ஒருத்தன் உங்கள் வீட்டுக்கு வந்தானாம். உன் அம்மா பெருமையாக நோட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவன் இடது பக்கங்களை மட்டும் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். வலது பக்கம் அவனுக்கு வெறும் கட்டம்.

போன வாரம் கம்யூனிட்டி ஹாலில் கூட்டம் வைத்தார்கள். மேலாண்மைத் திட்டம் என்றார்கள். மேடையில் ஐந்து பேர், அதில் நால்வர் ஆண்கள். அதனால்தான் மேலாண்மை போலிருக்கிறது. திரையில் ஏரியின் வரைபடம் விழுந்தது. வடகரை முழுக்கச் சிவப்பு: அரிய நீர்நாயின் வாழ்விடம், யாரும் நுழையக் கூடாது. தென்கரை மஞ்சள்: நாணலை அகற்றிவிட்டுப் படகுத் துறை, சிற்றுண்டிக் கடை, செல்ஃபி மேடை. இல்லாத பிராணிக்கு அரண்மனை. இருக்கிற பறவையின் வீட்டில் பஜ்ஜிக் கடை.

கீழே உன் பெயர், நன்றியுடன், பெரிய எழுத்தில். மூன்றாவது வரிசையில் உன் அப்பா ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து, உன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் நான் எழுந்திருக்க வேண்டியிருந்தது.

ஒருத்தருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதென்று தெலுங்கிலேயே சொன்னேன். "சார், அந்த நீர்நாய் பொய். உருளைக்கிழங்குல நான் செஞ்சது." ஹாலே சிரித்தது. திட்டக் கம்பெனிக்காரன் சிரிக்கவில்லை. "ஒண்ணு பொய்னா மத்ததும் பொய்யா இருக்கலாம். நோட்டையே ஆதாரத்துலேர்ந்து எடுத்துடறோம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எரிச்சல். படகுத் துறையை எடுப்பதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

உன் அப்பா எழுந்தார். "என் பொண்ணு பொய் எழுத மாட்டா" என்று மேடையிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் முடித்தார். "நீதான் எழுதுவே."

நோட்டை அவர் மடியிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். மேடைக்குப் போய் வலது பக்கத்தைக் காட்டினேன். "ரெண்டு டிக் இருக்கறதை மட்டும் எடுத்துக்கோங்க. நீர்நாய்க்கு ஒண்ணுதான் இருக்கு, பாருங்க" என்று அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். வெட்கத்தில் அதுவரை நான் திறக்காத பக்கம். உன் காலிக் கட்டத்துக்குக் கீழே, மெல்லிய பென்சிலில், உன் வழக்கப்படி தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதியிருந்தாய்: "நீர்நாய்க்கு அஞ்சு விரல். இதுக்கு நாலு. ஆலு வாசனை. அவளே சொல்லட்டும்."

மூன்று மாதம்! மூன்று மாதம் என்னை நடிக்கவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாய். உன்னைத் திட்டவும் ஆள் இல்லை. ஹால் முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினேன், போதுமா?

மேடையில் இருந்த ஒரே பெண் வனத்துறை ரேஞ்சர். அவர் நோட்டை வாங்கி நிதானமாகப் புரட்டினார்.

"மயில் உள்ளான் இப்பவும் இருக்கா?"

"இருக்கு மேடம். போன வாரம்கூடப் பாத்தேன்."

"கூட யார் பாத்தா?"

"யாரும் இல்ல."

"ஞாயித்துக்கிழமை வரேன்" என்று நோட்டை என் கையிலேயே திருப்பித் தந்தார். " நான் பாத்தா, தென்கரையை மாத்தச் சொல்லி நானே எழுதறேன்."

சொன்னபடி வந்தார். இரண்டு மணி நேரம் நாணல் ஓரம் குந்தியிருந்தோம். முக்குளிப்பான் வந்தது, தாழைக்கோழி வந்தது, ஒரு எருமை வந்தது. அந்தப் பொறுப்பான அப்பாக்காரன் மட்டும் வரவில்லை. மேடம் வாட்சைப் பார்த்தார்.

"மேடம், சும்மா எழுதுங்க மேடம். அது உள்ளேதான் இருக்கு."

"நான் பாக்கலையே அம்மா" என்றார். "புதன்கிழமை ஒரு தடவை வரேன். வியாழனோட ஆட்சேபம் சொல்றதுக்கு டைம் முடியுது."

சைக்கிளை உதைத்தேன். வீடு வரும்வரை அவரைத் திட்டினேன், பறவையைத் திட்டினேன். பாதி வழியில்தான் உறைத்தது, நான் திட்டிக்கொண்டிருந்தது உன் வசனத்தை.

கேள், கொடுமையை. நேற்று நான் தனியாகப் போனேன். நாணலை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான், பின்னால் மூன்று குஞ்சுகள். ஐந்து நிமிஷம், கைக்கெட்டும் தூரத்தில், எனக்கென்றே ஊர்வலம். போனில் எடுத்தேன். புல் நிறப் பறவை புல்லுக்குள் நின்றால் என்ன வரும்? புல் வந்தது.

கரையிலேயே உட்கார்ந்து எழுதினேன். மயில் உள்ளான், ஆண், ஒன்று. குஞ்சு, மூன்று. என் கட்டத்தில் டிக். அப்புறம் பென்சில் நுனியை உன் கட்டத்தில் வைத்தேன். உன் டிக் எனக்கு அத்துப்படி, வால் மட்டும் கொஞ்சம் நீளமாக இழுப்பாய். பழைய தேதியோடு போட்டால் யாருக்கும் தெரியாது. நாணல் பிழைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. பென்சில் நுனி பட்ட இடத்தில் ஒரு புள்ளி விழுந்துவிட்டது. ரப்பரால் அழித்தேன்.

நாளைக் காலை மேடம் வருகிறார். ஐந்து மணிக்கு அலாரம். ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன், அது அவருக்கு. உன்னுடையதில் யாரையும் உட்கார விடமாட்டேன்.