மூச்சு விடும் இடம்

அக்கா,

இன்று காலை பதினோரு மணி இருக்கும். பேண்டேஜ் தயாரிக்கிற செட்டில் உட்கார்ந்து, காயம் கட்டும் காஸ் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வெளுத்துக் காய்ந்த துணியிலிருந்து வருகிற அந்தக் கார வாடை உனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சென்டரில் என் கையில் எப்போதும் இருந்த வாடைதான். அப்போது தெருவில் ஜவுளிக்கடை விளம்பர ஆட்டோ வந்தது. உன் மெட்டு. பக்கத்தில் இருந்தவர்கள் வழக்கம்போல் கூடவே முனகினார்கள். நான் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஓரிடம் வரும், ஒரு மூச்சு நேரம் எல்லாம் அடங்கும், பிறகு மெட்டு மேலே ஏறும். இரண்டு வருடமாக அப்படித்தான் கேட்டிருக்கிறேன்.

இன்று அது அடங்கவில்லை. நிற்காமல் ஓடிப்போய்விட்டது. அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்குக் காரணம் நான்தான். உன்னிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ராஜபாளையத்தில் இரும்புக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரை இப்போது மூடிவிட்டார்கள். ஆனாலும் அந்த வழியாகப் போகும்போது படிக்கட்டின் அடியில் செருப்பைக் கழற்றத் தோன்றுகிறது. எல்லாரும் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். நாலு மெஷின்கள், நாலுக்கும் உறை. காலையில் உறையை எடுத்து, கழிவுக் காஸ் துணியால் கண்ணாடியையும் எழுத்துக் கட்டைகளையும் துடைப்பது என் வேலை. நாற்காலியில் உட்காரக் கூடாது என்று சென்டர் நடத்திய சார் சொல்லியிருந்தார். நின்றுகொண்டேதான் துடைப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுந்து வாசி என்றால் எனக்குக் குரல் வராது, அடித்தாலும் வராது. வாய் திறக்காதவளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று அம்மா வேலையில் சேர்த்துவிட்டாள்.

நீ மம்சாபுரத்திலிருந்து முதல் ஆளாக வருவாய். உங்கள் மாதா கோயிலில் பாடுகிறவள் என்று சிஸ்டர் ஒருவர் சொல்லி உனக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. முதல் நாள் நீ கேட்டது நினைவிருக்கிறது.

"ஏட்டி, தொடைக்கும்போது என்னமோ முனகுதியே, அது என்ன பாட்டு?"

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன்.

"பாட்டுப் பேரக் கேட்டா வாளியத் தூக்கிட்டு ஓடுறவள இப்பத்தான் பாக்கேன்" என்று பின்னாலிருந்து நீ சிரித்தாய்.

மெஷின் சத்தம் போடும் என்று நீ கண்டுபிடித்த பிறகு உனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எண் வைத்தாய். எந்தச் சுரத்துக்குப் பின்னால் எது வரலாம், எது வரவே கூடாது என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதினாய். அந்தக் கட்டத்துக்குள் மெஷின் தானாகப் பொறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தும். பெரும்பாலும் கோழி விரட்டுகிற மாதிரிதான் இருந்தது. நீ கட்டத்தை அழிப்பாய், மாற்றுவாய், மறுநாள் மறுபடி ஓடவிடுவாய். மூன்று மாதம் அப்படிப் போனது. நல்லதா கெட்டதா என்று என்னிடம் நீ கேட்டதில்லை, நான் பதில் சொல்ல மாட்டேன் என்று தெரியும். என் கையைத்தான் பார்ப்பாய். "நீ தொடைக்கிறத நிறுத்தினா அதான் மெட்டு" என்றாய்.

ஒரு நாள் நிறுத்தினேன்.

"இதுவா?"

தலையை ஆட்டினேன். மறுபடி வருமோ வராதோ என்ற பயத்தில் நீ அவசர அவசரமாக நோட்டில் எழுதினாய். எழுதி முடித்ததும் என் வாயிலிருந்து எப்படியோ வந்தது. "நடுவுல மூச்சு விட எடமில்ல, யக்கா."

"ஆத்தி, நீ பேசுவியா!" என்றாய். பிறகு நீயே பாடிப் பார்த்தாய். பாதியில் மூச்சு முட்டி இருமினாய். "மெஷினுக்கு மூச்சு கிடையாதுல்ல, அதான் விட்டுட்டு" என்று சொல்லி, பென்சிலால் அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டாய். வட்டம் வந்தால் நிற்க வேண்டும். மெஷினில் அதை ஏற்றவில்லை. நோட்டில் மட்டும்தான் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கேசட் கடை வைத்திருந்தவர் சாரைப் பார்க்க வந்தபோது அந்த மெட்டைக் கேட்டார். ஒரு ஜவுளிக்கடையின் கேபிள் டிவி விளம்பரத்துக்கு வேண்டும் என்றார். நோட்டைப் பார்த்து நீ பாட, கொண்டுவந்திருந்த டேப்பில் பிடித்துக்கொண்டார். "ஒம் பேரு டிவில வரும்மா" என்றார். அன்றைக்கு மத்தியானம் நீ சாப்பிடவே இல்லை. உன் தூக்குவாளிச் சோற்றை நான்தான் தின்றேன்.

விளம்பரம் வந்தது. கடைசியில், இசை என்று போட்டு, அவர் கடைப் பெயர் வந்தது.

மறு வாரம் அவர் சென்டருக்கு வந்தபோது நீ நேராகவே கேட்டாய். அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"மெஷின் போட்ட பாட்டுக்கு ஒம் பேரா? அப்பப் பாத்தா கரண்ட் ஆபீசு பேரையும்ல போடணும்."

"கட்டம் போட்டது நானு. மூணு மாசம் போட்டேன்."

"மெஷின் வாங்கினது யாரு?" என்றார் சார். அவர் உன் பிளாப்பியை எடுத்து, நீ தொட்டே இராத நாலாவது மெஷினில் போட்டு ஓடவிட்டார். அதே மெட்டு. ஒரு சுரம்கூட மாறவில்லை. நிறுத்தி, மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் அதே.

உன் முகம் வெளிறியதைப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை உனக்காக வந்தது என்றுதான் நீயும் நானும் நம்பியிருந்தோம்.

"பாத்தியா, அது மெஷினுக்குள்ளயே கெடக்கு. யாரு தட்டினாலும் வரும். காப்பிரைட்டுன்னு பாத்தா யாருக்கும் கிடையாது. எடுத்தவனுக்குத்தான்" என்றார் கேசட் கடைக்காரர்.

நீ விடவில்லை. "மெஷின்ல எங்கயாச்சும் நின்னுச்சா? ஒங்க விளம்பரத்துல நிக்குதுல்ல? அந்த நிப்பு மெஷின் போட்டதில்ல."

"அது எங்க கீபோர்டு வாசிக்கிறவரு வச்சது."

நோட்டைக் காட்டினாய். "பென்சில்தான? இப்பக்கூடப் போடலாம்" என்றார். அப்போதுதான் நீ என் பக்கம் திரும்பினாய். "ஏட்டி, நீ சொல்லு. நீதான பக்கத்துல நின்ன."

மூன்று பேரும் என்னைப் பார்த்தீர்கள். வகுப்பில் எழுந்து நின்றது போலவே இருந்தது. துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "தெரிஞ்சாச் சொல்லும்மா" என்றார் சார், நல்லவிதமாகத்தான். அன்று பார்த்து எனக்குக் குரல் வந்தது.

"எனக்குத் தெரியாது சார்."

பஸ் ஸ்டாண்டு வரை உன் பின்னாலேயே வந்தேன். நீ என்னைத் திட்டவில்லை. "ஒரு வரி விட்டுட்டேன் ட்டி. ஒவ்வொரு தடவையும் கலைச்சுப் போடுன்னு மெஷினுக்குச் சொல்லணும், சொல்லல. கலைக்காமப் போட்டா அதே சீட்டுதான வரும்? ஆனா அந்தக் கட்டத்த மாத்திப் பாக்கச் சொல்லு, கோழிதான் கத்தும்." பஸ் வந்தது. ஏறின பிறகு ஜன்னல் வழியாக, "பயந்துட்டியாக்கும். போட்டும்" என்றாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

சென்டருக்கு நீ மறுபடி வரவில்லை. மஞ்சள் காமாலை என்றார்கள். நேரில் வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகத்தைப் பார்க்கப் பயம். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் தெரியாது, உன்னைத் திரும்பக் கொண்டுவந்ததுதான் தெரியும். அடக்கத்தன்று கூட்டத்தின் கடைசியில் நின்றேன். உன் கோயில்காரர்கள் பாடினார்கள். உன் அம்மா என்னை அடையாளம் கண்டு, அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். "ஒன்னயப் பத்தித்தான் பேசிக்கிட்டே கெடப்பா" என்றார். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் கல்லறைத் திருநாளுக்கு வந்திருந்தேன். உன் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே சொன்னார், "அவ பாட்டு ஊரெல்லாம் ஆட்டோல போவுது. அவ பேரு இந்தக் கல்லுல மட்டும் இருக்கு." அந்த வார ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். கேசட் கடை வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். அவரே கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"அந்தப் பாட்டுல நிக்கிற எடம் எங்க அக்கா வச்சது. நான் பாத்தேன்."

அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. "தொடைக்கிற புள்ளையா? ரெண்டு வருசம் கழிச்சு வாய் தொறந்திருக்கு பாரு!" என்று கடையில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு என்னிடம், "அந்த எடம் மட்டுந்தான ஒங்க அக்காவோடது? மத்ததெல்லாம் மெஷின் போட்டது. சரி, அத வெட்டிருவோம். பொறவு பேச்சு இல்லைல?" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பி வந்தேன். இன்று காலைதான் புரிந்தது. சொல்ல வேண்டிய அன்று சொல்லாமல் உன் பேரைத் தொலைத்தேன். இப்போது சொல்லப்போய், உன்னுடையது என்று அதில் மிச்சமிருந்த ஒன்றையும் தொலைத்துவிட்டேன்.

ஆட்டோ போன பிறகும் செட்டில் முனகல் நிற்கவில்லை. "இது என்னத்தா இந்த ஓட்டம் ஓடுது, மூச்சு முட்டுது" என்றாள் எனக்கு எதிரே இருந்தவள். ஆட்டோவில் கேட்ட மாதிரியே பாடப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்த இடம் வந்ததும் ஒவ்வொருத்தியும் நின்று, மூச்சை இழுத்து, பிறகுதான் மேலே போனாள்.

"அங்க நிக்கச் சொன்னது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன். இங்கே வந்ததிலிருந்து நான் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. எல்லாரும் திரும்பினார்கள். உன் பெயரைச் சொன்னேன். கேட்கவில்லை என்றார்கள். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "யாரு அது, சினிமாவுல இருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். மேஸ்திரி அதற்குள் வந்து, கதை போதும், துணியை மடிங்க என்றார். மடித்தோம்.

நோட்டு என் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது. பென்சில் வட்டம் மங்கிக்கொண்டே வருகிறது, அதன்மேல் திரும்ப எழுத எனக்கு மனமில்லை. இப்போது போட்டதுதானே என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அன்று சாரிடம் நான் சொன்ன அந்த மூன்று வார்த்தை மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை.

சாயங்காலம் ஆட்டோ மறுபடி அதே வழியாகத் திரும்பி வந்தது. அந்த இடத்தில் பாட்டு நிற்கவில்லை. என் கை நின்றது.