தீப்பெட்டிப் பெண்களும் எங்க மலையும்

ஜூன் 16, திங்கள்
விடிஞ்சதிலிருந்து மழை. குடைக் கம்பி ஒடிஞ்சது. 11ஆம் வகுப்பு, வரலாறு: பிரித்தானியத் தொழிலாளர் போராட்டம். புத்தகத்துல கொஞ்சம்தான். மிச்சத்த நானே சொன்னேன். லண்டன்ல தீப்பெட்டி ஃபெக்டரிப் பொண்ணுங்க. பொஸ்பரஸ் பட்டு தாடை அழுகும். பேசினா அபராதம். கால் அழுக்கா இருந்தா அபராதம். விஷயம் வெளிய வந்ததும், "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு கையெழுத்துக் கேட்டான் முதலாளி. போடல. ஒருத்திய வேலையிலிருந்து நிப்பாட்டினான். மத்தவங்க எல்லாம் வேலைய விட்டு வெளிய வந்துட்டாங்க.

பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ள: "அவங்களுக்கு யூனியன் இருந்துச்சா டீச்சர்?"

இல்ல. முதல்ல வெளிய வந்தாங்க. யூனியன் பிறகு.

சோப்பு வாங்கணும்.

ஜூன் 17, செவ்வாய்
அக்கா மலையிலிருந்து வந்தப்பவே முகம் சரியில்ல. கூடக் கொழுந்தெடுக்கிற செல்விய வேலைக்கு வர வேணாம்னுட்டாங்களாம். போன கிழம தேயிலை வாங்குற கம்பனி ஆளுங்க வந்து குறை உண்டான்னு கேட்டிருக்காங்க. மத்தவங்க தலைய ஆட்ட, செல்வி மட்டும் சிங்களத்துல நேரா: மலையில கக்கூஸ் இல்ல. தேயிலைப் பத்தைக்குள்ளதான் போறோம். அட்டை கடிக்குது.

அக்கா விடிய ஒரு வாய் பிளேன்டீ குடிச்சா சரி. பொழுது சாயிறவரைக்கும் தண்ணி தொடமாட்டா. ஒதுங்க எடமில்லன்னு. அதனாலயே ரெண்டு தரம் ஆஸ்பத்திரி.

ரொட்டி சுடும்போது தீப்பெட்டிப் பொண்ணுங்க கதை சொன்னேன். மாவுக் கையோட கேட்டா.

"அவளுங்களும் நம்ம செல்வி மாதிரிதானா?"

அப்படியே எந்திரிச்சு அடுத்த வீட்டுக் காம்பராவுக்குச் சொல்லப் போயிட்டா. ரொட்டி கருகிருச்சு.

ஜூன் 18, புதன்
காலையில பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேர் கூப்பிட்டாங்க. ஒருத்திகூட மலை ஏறல. செல்வியும் வரணும், கக்கூஸும் வேணும்னு அங்கயே உக்காந்துட்டாங்க. யூனியன் தலைவர் போன்ல: "கொஞ்சம் பொறுங்க, நான் பேசுறேன்."

அக்கா: "நீங்க பேசுங்க. நாங்க உக்காந்திருக்கோம்."

பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து வேலைக்கு வர்ற குசுமாவும் கூட உக்காந்துட்டா. "அபிடத் ஓன." எங்களுக்கும் வேணும்.

ஜூன் 19, வியாழன்
ஸ்கூல் அதிபர் கூப்பிட்டார். தோட்டத்துத் தொரை போன் பண்ணினாராம், பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கிறீங்கன்னு.

"அந்தப் பாடத்த இத்தோட விட்ருங்க டீச்சர். வேற ஸ்கூலுக்கு மாத்திருவாங்க."

"மாத்தட்டும் சேர். எங்க மாத்தினாலும் அங்கயும் 11ஆம் வகுப்பு இருக்கும்."

வெளிய வந்து சோக்குப் பெட்டிய எடுத்தேன்.

நேரா வகுப்பு. இன்னும் முந்தின காலம்: தொழிலாளர் ஒண்ணு கூடுறதே பிரித்தானியாவுல குற்றம். ஒளிஞ்சு கூடினாங்க. சத்தியம் பண்ணிச் சேர்ந்தவங்கள கப்பலேத்தி நாடு கடத்தினாங்க. "அப்பயும் விடலையா டீச்சர்?" விட்டிருந்தா இந்தப் பாடமே இல்ல.

ஸ்கூல் விட்டு நேரா பெரட்டுக்கு. தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழ எல்லாரும். சின்னதொரை: "டீச்சர், உங்களுக்கு இங்க என்ன வேல?"

"எங்கக்கா இங்க இருக்கா."

உக்காந்துட்டேன். சாரியெல்லாம் சேறு.

ஜூன் 20, வெள்ளி
செல்விய திரும்ப எடுக்கிறாங்களாம். கக்கூஸ்? "பாப்போம்."

அக்கா: "பாத்தது போதும். குழி வெட்டுங்க, மலை ஏறுறோம்."

தொரை ஜீப்புல ஏறிப் போயிட்டார். யாரும் எந்திரிக்கல. வேலை கிடைச்ச செல்வியும்தான்.

ஜூன் 21, சனி
மண்வெட்டிச் சத்தம்! மேல் மலையில கக்கூஸ் குழி. செல்வியும் குசுமாவும் வெட்டுறவங்க தலைக்கு மேல நின்னு, "இன்னும் ஆழம், இன்னும் ஆழம்." சிரிச்சு வயிறு நொந்துச்சு. பின்னேரம் பொம்பளைங்க மட்டும் கூட்டம். செல்வி தலைவி. சங்கத்துக்குப் பேர் வைக்கிறதுல சண்ட, முடியல.

அதிபர் போன்: திங்கள் நான் வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போகணும். பெரட்டுல உக்காந்ததுக்கு விளக்கம் கேக்கிறாங்களாம்.

ஜூன் 23, திங்கள்
முதல் பஸ். தனியாப் போறதா நெனச்சு ரோட்டுக்கு வந்தேன். அக்கா, செல்வி, குசுமா, பின்னால லயத்து வீடு அத்தனையும். எல்லாரும் நல்ல சீலையில. பஸ் நின்னதும் கண்டக்டர் திகைச்சுப் போய், இத்தன பேரும் எங்கன்னு சிங்களத்துல கேட்டான். குசுமா முதல் சீட்டுல ஏறி உக்காந்துட்டு:

"டீச்சர் எக்க."

டீச்சரோட.