ஐந்து நட்சத்திரம் மூன்றான கதை

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நான் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா?

நேற்று போனில் கத்தியதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கடையில் இந்த வாரம் ஃபிரிட்ஜ்களுக்குப் புது மின்சிக்கன ஸ்டிக்கர் ஒட்டினோம். ஐந்து நட்சத்திரம் இருந்ததற்கெல்லாம் இப்போது மூன்றுதான். ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"போன வாரம் அஞ்சு இருந்துச்சேம்மா. மீதி ரெண்டை நீ தின்னுட்டியா?"

"பெட்டி அதேதாங்க ஐயா. பாஸ் மார்க்கை ஏத்திட்டாங்க, அவ்வளவுதான்" என்றேன். சிரித்துவிட்டார்.

அதை உங்களிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று கூப்பிட்டால், "நம்மளதும் மூணாயிடுச்சுன்னு பேப்பர்ல பார்த்தேன். கரண்டைக் குடிக்குமேன்னு நாலு நாளா ராத்திரியில அணைச்சிடுறேன்" என்கிறீர்கள். கெட்டிக்காரர்தான், போங்கள்! நேற்று குடித்த கரண்டைத்தான் அது இன்றும் குடிக்கும். ஆனால் பாப்பாவின் மருந்து அதற்குள் அல்லவா இருக்கிறது? குளிர் போனால் மருந்து கெட்டுவிடுமே என்றுதான் அப்படிக் கத்திவிட்டேன்.

டாக்டரிடம் கேட்டுப் புது பாட்டில் வாங்கிவிட்டீர்களா? அதைக் கண்டிப்பாக மேல் தட்டில் வையுங்கள். நான் ஊரிலிருந்து கிளம்பியபோது ஃபிரிட்ஜின் நடுத்தட்டு அவளுக்கு எட்டவில்லை. இப்போது எட்டுகிறதா? ஒருமுறை நிற்கவைத்துப் பார்த்து, எந்தத் தட்டு வரை கை போகிறது என்று எழுதுங்கள்.

அறைத்தோழி விளக்கை அணைக்கச் சொல்கிறாள்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா